பெயர் போடாத கசெற்

கோயிலில் பாடுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சனம் பீடத்தைப் பார்த்தபடி நிற்கும். பாட்டு பின்மாடத்திலிருந்து அவர்களுடைய தலைகளுக்கு மேலால் போகும். பாடி முடிந்தால் கைதட்டல் கிடையாது. இன்னார் பாடினார் என்று சுவாமி சொல்வதும் இல்லை. றஞ்சிதம் பத்து வயதிலிருந்து கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் அப்படித்தான் பாடி வந்தாள். முப்பத்தாறாவது வயதில் தன்னுடைய பாட்டுகளைக் கசெற்றாக வெளியிடப் புறப்பட்டபோது, பாடுவதைத் தவிர வேறு எதையும் செய்யவேண்டி வரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை.

பாட்டுகள் எட்டு. சொற்கள் அவளுடைய கணவன் நோபேட் எழுதியவை. துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சும் இருபது நிமிடத்தில் எழுதுவான். பெரிய விஷயங்கள் எதையும் எழுதமாட்டான். மழை வருமுன் கயிற்றில் காயும் துணியை ஓடிப்போய் எடுப்பது, பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்துவிடுகிற அதிர்ஷ்டம், கோபித்துக்கொண்டவள் தேத்தண்ணீரை மேசையில் சத்தமாக வைப்பது, இப்படியானவை. மெட்டுப் போடுவது அவள். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த அன்று அவன் ஒரு கந்தோர்க் கடிதத்தைக் கொண்டு அந்தத் தெருவால் போயிருந்தான். அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒரு வருடம் கழித்து அவள் அவன் பாட்டு எழுதிய கொப்பியை எடுத்தாள். நோபேட்டின் தம்பி ஹியூபேட் கலியாண வீடுகளில் கீபோட் வாசிப்பவன். ஹெந்தளையில் அவனுடைய வீட்டுப் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்து, ஒரு சின்ன ஒலிப்பதிவு மெஷினும் வைத்திருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் றஞ்சிதம் பஸ் ஏறி அங்கே போனாள். காகம் கத்தினால் நிறுத்தவேண்டும். மீன்காரன் ஹோர்ன் அடித்தால் நிறுத்தவேண்டும். எதுவும் சத்தம் போடாவிட்டாலும் அவளே நிறுத்திவிட்டு, "இன்னொருக்காப் பாடுவம்" என்பாள். எட்டுப் பாட்டையும் முடிக்க ஒன்பது மாதம் சென்றது.

பிரதி எடுக்க இருநூறு வெறும் கசெற்றுகளைக் கொடுத்தவர் வெள்ளவத்தையில் கசெற் கடை வைத்திருந்த ஜாபிர். நோபேட் அவருடைய கடையில் சனிக்கிழமைகளில் மணிக்கணக்காக நின்று பாட்டுக் கேட்பான். அந்தப் பழக்கத்தில் கொடுத்தார். றஞ்சிதமும் அவரை அண்ணன் என்ற கருத்தில் நானா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. விலைபோகாத கசெற்றைக் கடைக்காரர் வைத்துக்கொண்டிருக்கமாட்டார். அதையே திரும்ப மெஷினில் போட்டு, மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார். ஜாபிர் அதை ஒளிக்கவில்லை.

"நத்தார்ப் பெருநாள் வரைக்கும் பாப்போம் தங்கச்சி," என்றார். "அதுக்குள்ள ஓடாட்டி நான் என்ன செய்ற? சீசனுக்கு வெறும் கசெற் கிடைக்கிறதே கஷ்டம். மேலால படப் பாட்டுத்தான் ஏத்த வேண்டி வரும்."

றஞ்சிதம் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அது முழுதாக விளங்கியது. நோபேட்டின் சொல்லுக்கு மேல் யாரோ ஒருவருடைய டூயட் ஏறும். அடியில் அவன் இருந்ததாகவே யாருக்கும் தெரியாது.

ஆனாலும் அதைத் தடுக்கச் செய்யவேண்டிய காரியங்கள் எதுவும் அவளுக்குக் கைவரவில்லை. வானொலிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார் ஜாபிர். எழுதினாள், தபாலில் போடவில்லை. கொட்டாஞ்சேனைக் கடைகளில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். இரண்டு கடை வாசல் வரைக்கும் போய், ஒன்றில் சவர்க்காரமும் மற்றதில் நூல்பந்தும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். எல்லாவற்றிலும் மோசம் கசெற்றின் மேலட்டை விஷயம்.

"பேர் வேணும், முகம் வேணும்," என்றார் ஜாபிர், கல்லாவுக்குப் பின்னால் இருந்து. "நீங்க பாடுறதப் பத்தி நான் ஒரு வார்த்த செல்ல மாட்டேன். நல்லாத்தான் பாடிரிக்கீங்க. ஆனா முகம் இல்லாத கசெற்ற நான் எந்தத் தட்டுல வெக்கிற?"

"பாட்டைப் போட்டுக் காட்டினாக் காணாதோ நானா? கேட்டவை பிடிச்சா வாங்குவினம்."

"கேட்டாத்தானே புடிக்கும். எடுத்தாத்தானே கேப்பாங்க. முகத்தப் பாத்தாத்தானே எடுப்பாங்க." விரல்விட்டு எண்ணிக் காட்டிவிட்டு, குரலைத் தணித்தார். "கோவிக்க வேணாம் தங்கச்சி. அட்டையில நோபேட்ட படத்தப் போட்டு, குண்டுல மவுத்தானவர்ட பாட்டு எண்டு ரெண்டு வரி எழுதினா, ஒரு கிழமையில முடிஞ்சிரும். சனம் அழுதுகிட்டு வாங்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அது வேண்டாம் நானா. தேத்தண்ணிக் கோப்பையைப் பற்றி எழுதின மனுசன் அவர். சனம் சிரிக்க எண்டு எழுதினதை அழுதுகொண்டு ஏன் வாங்கவேணும்?"

"அப்ப உங்கட படம்."

"அதுவும் வேண்டாம்."

"அப்ப என்னத்தத்தான் போடுற?"

"ஒண்டும் போடவேண்டாம்," என்றாள். அப்படிச் சொன்னபோது அது அடக்கம் போலவும் தோன்றியது, புத்திசாலித்தனம் போலவும் தோன்றியது. அந்த வருடங்களில் கொழும்பில் தமிழர்கள் பெயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாசல் பலகையிலிருந்து கழற்றினார்கள். பஸ்ஸில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்த கடுதாசி ஒன்றில்தான் எல்லோருடைய பெயரும் முழுதாக இருந்தது. பெயர் இல்லாத பொருளால் யாருக்கும் வில்லங்கம் வராது என்று அவளும் நம்பினாள், ஹியூபேட்டும் நம்பினான்.

ஜாபிரிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்த அடுத்த ஞாயிறு அவள் ஹெந்தளைக்குப் போனாள்.

"இப்ப என்ன அண்ணி?" என்றான் ஹியூபேட்.

"அஞ்சாவது பாட்டின்ர முடிவு சரியில்லை. திரும்பப் பாடுவம்."

"மாஸ்டர் கசெற் அடிச்சு முடிஞ்சுது. மருதானையில பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறாங்கள்."

"ரெண்டாம் பதிப்புக்கு இருக்கட்டும்."

ஹியூபேட் மெஷினுக்கு வயரைக் குத்தியபடி சிரித்தான். "முதலாம் பதிப்பில வந்ததை வீட்டுக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சுப்போட்டு ரெண்டாம் பதிப்புக்குப் பாடுற ஒரே ஆள் நீங்கள்தான். உண்மையைச் சொல்லுங்கோ, கடைக்குப் போகப் பயத்தில இஞ்ச வாறியளா?"

"வாசி," என்றாள் அவள். ஆனால் அன்று பாடும்போது அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. பாடிப் பாடித் திருத்துவது கஷ்டமான வேலை என்று ஊர் சொல்லும். அவளுக்கு அதுதான் சுகமான வேலை. நாலு மெத்தைக்கு நடுவில், தெரிந்த ஒருவன் முன்னால், எத்தனை மணித்தியாலமும் நிற்பாள். தெரியாத ஒருவரிடம் போய் "இது என்னுடையது" என்ற இரண்டு சொல்லைச் சொல்வதற்குத்தான் நாக்கு எழும்பவில்லை.

ஆடி முடிந்து இரண்டாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவள் வேலை செய்த கப்பல் ஏஜென்சிக்கு ரெலிபோன் வந்தது. ஜாபிரின் மனைவி ஷபீகா.

"றஞ்சிதம் அக்காவா? அவரப் புடிச்சு வெச்சிரிக்காங்க. மருதானையிலேருந்து உங்கட கசெற் முப்பத எடுத்துக்கிட்டு பஸ்ல வந்திரிக்கார். செக்பொயின்ற்ல இறக்கி பேக்கப் பாத்திரிக்காங்க. அட்டையும் இல்ல, பேரும் இல்ல. போட்டுக் கேட்டா பொம்புளக் குரல்ல தமிழ்ப் பாட்டு. இயக்கத்துப் பாட்டெண்டு நெனைக்கிறாங்க."

"இயக்கப் பாட்டோ? அது துணி எடுக்கிற பாட்டெல்லோ."

"அது அவங்களுக்கு வெளங்குமா? யார் பாடினதெண்டு கேக்கிறாங்க. கொட்டாஞ்சேனையில ஒரு நோனா எண்டு செல்லிரிக்கார். அந்த நோனா ஏன் பேர் போடல்ல எண்டு கேட்டா, அவருக்குச் செல்லத் தெரியல்ல. எனக்கும் தெரியல்ல அக்கா." ஷபீகா அழவில்லை. அழாமலிருக்க வேகமாகப் பேசினாள். செக்பொயின்ற் எந்தச் சந்தியில் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

றஞ்சிதம் ஹியூபேட்டுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"நீங்கள் போகாதேங்கோ அண்ணி. போனா உங்களையும் இருத்தி வைப்பாங்கள். நான் சுவாமியிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நாளைக்கு..."

"நாளை வரைக்கும் அந்த மனுசன் அங்க இருக்கவோ?"

"கடிதத்தில எல்லாம் விளக்கமா எழுதலாம்."

"அவங்கள் கேக்கிறது ஒரு கேள்விதான், ஹியூபேட். யார் பாடினதெண்டு. அதுக்குச் சுவாமி என்னெண்டு பதில் சொல்லுறது?"

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்து, அடையாள அட்டை, பொலிஸ் பதிவுக் கடுதாசி, நோபேட்டின் கொப்பி ஆகிய மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கொப்பி எப்போதும் அவளுடைய கந்தோர் மேசை லாச்சியில்தான் இருக்கும். வழியெல்லாம் சிங்களத்தில் வசனங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பெயர் இல்லாத பொருளால் யாருக்கும் வில்லங்கம் வராது என்று நம்பியது எவ்வளவு பெரிய பிழை என்று யன்னலுக்கு வெளியே பார்த்தபடி நினைத்தாள். விலாசம் இல்லாத கடிதத்தை அவளேகூடப் பயந்துதான் பிரிப்பாள்.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு நீள அறை. ஓரத்து மர வாங்கில் ஜாபிர் குந்தியிருந்தார். தொப்பியை மடியில் வைத்திருந்தார். அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்து, பிறகு யோசித்து, இருந்துகொண்டார். மேசையில் முப்பது கசெற்றும் அடுக்காக இருந்தன. எல்லாம் வெள்ளை வெளேரென்று, ஒன்றைப் போல ஒன்று. அப்படி ஒரு மேசையில் பார்த்தபோது அவளுக்கே அவை ஏதோ ஒளிக்கிற பொருள் போலத்தான் தெரிந்தன. பக்கத்தில் ஒரு கசெற் றேடியோ. அதற்குப் பின்னால் நடுவயதான ஒரு சார்ஜன். சுவரோடு ஒரு பெண் கொன்ஸ்டபிளும் மூன்று பொலிஸ்காரர்களும் நின்றார்கள்.

சார்ஜன் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடக்கில் அல்ல, கொட்டாஞ்சேனையில் பிறந்தவள் என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கவேண்டும்.

"யார் பாடினது இது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்."

"யார் சொல்லிப் பாடினது?"

"யாரும் சொல்லவில்லை. நானே பாடினேன்."

"நல்ல பாட்டா, கெட்ட பாட்டா?"

அது என்ன கருத்தில் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. என்றாலும் பாடியது நன்றா என்ற வேறு கருத்தும் மனதில் பட்டு, ஒரு கணம் தயங்கினாள். "கெட்டதாக எதுவும் இல்லை" என்றாள்.

"கெட்டது இல்லையென்றால் ஏன் பெயர் போடவில்லை? சவர்க்காரத்துக்கும் பெயர் இருக்கிறது. பனடோல் மாத்திரைக்கும் இருக்கிறது."

பஸ்ஸில் கூட்டிவந்த வசனங்களில் இதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரேயொரு சொல்தான் வாயில் வந்தது.

"லஜ்ஜாய்," என்றாள். வெட்கம்.

பெண் கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டாள். சார்ஜன் சிரிக்கவில்லை. அந்த மேசையில் இருந்து எத்தனையோ காரணங்களைக் கேட்டிருப்பார், இது புதிது என்பதுபோல அவளைப் பார்த்தார்.

வாங்கிலிருந்து ஜாபிர் தமிழில் மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, நோபேட்ட விஷயத்தச் செல்லுங்க. ஒரு வார்த்தையில முடிஞ்சிரும்."

முடிந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். குண்டில் செத்தவனின் பெண்சாதி என்றால் அந்த அறையில் இருக்கிற முகங்கள் எல்லாம் மாறிவிடும். கதிரை போடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த எட்டுப் பாட்டும் பாட்டாக இராது, ஒரு நற்சான்றிதழாக இருக்கும். கடைசியாக வேறு வழியில்லாவிட்டால் சொல்லலாம், ஜாபிரை வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்கக்கூடாது என்றும் மனதில் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பாடிக் காட்டுகிறேன்," என்றாள்.

சார்ஜன் றேடியோவின் பொத்தானை அமத்தினார். மூன்றாவது பாட்டு, மழையும் துணியும். இரண்டு வரி ஓடவிட்டு, வரியின் நடுவில் டக்கென்று நிறுத்தினார். "இனிப் பாடுங்கள்."

அவள் வாயைத் திறந்தாள். முதலில் வந்தது வெறும் காற்று. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தலைகளின் பின்பக்கத்தைப் பார்த்துப் பாடியவளுக்கு முன்னால் இப்போது ஆறு முகங்கள் இருந்தன, பன்னிரண்டு கண்கள் இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"...கறுக்குது கிழக்கு, கயிற்றிலே சட்டை,
கையெல்லாம் மாவு, நீ ஓடு கொஞ்சம்..."

சார்ஜன் திரும்ப றேடியோவைப் போட்டார், ஓடவிட்டார், நிறுத்தினார். அவள் தொடர்ந்தாள். அப்படி மூன்று தடவை. நான்காவது தடவை அவர் நிறுத்துமுன் அவளே கையை உயர்த்தி, "நிற்பாட்டுங்கள்" என்றாள்.

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜாபிர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த இடம் பிழை," என்றாள் றஞ்சிதம். "கசெற்றில் சுருதி கொஞ்சம் இறங்கிப்போனது. இப்படி வரவேண்டும்." பாடிக் காட்டினாள். பிறகு கசெற்றில் வந்ததுபோலப் பாடிக் காட்டினாள். பிறகு திரும்பச் சரியாகப் பாடினாள். "பதினொரு தடவை பாடியும் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்."

சார்ஜன் கதிரையில் சாய்ந்தார். "இது இந்த நோனாவின் பாட்டுத்தான்," என்றார் மற்றவர்களைப் பார்த்து. "களவெடுத்தவன் குறை சொல்லமாட்டான்."

பாட்டின் கருத்து என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். மழை வருகிறது, அவளுக்குக் கையெல்லாம் மா, துணி எடுக்கப் புருஷனைக் கூப்பிடுகிறாள், அவன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். "கடைசியில் எடுத்தானா?" என்று பெண் கொன்ஸ்டபிள் கேட்டாள். "நனைந்த பிறகு" என்றாள் றஞ்சிதம். ஒரு பொலிஸ்காரர் தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார்.

என்றாலும் கடுதாசி வேலை இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வாக்குமூலத்தைச் சார்ஜன் சிங்களத்தில் எழுதி வாசித்துக் காட்டினார். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த றஞ்சிதம் நோபேட் ஆகிய நான் இந்த எட்டுப் பாடல்களுக்கும் இசையமைத்துப் பாடினேன், வார்த்தைகள் என் கணவர் நோபேட் எழுதியவை. கணவர் எங்கே என்று கேட்டபோது "காலமாகிவிட்டார்" என்றாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கீழே கையெழுத்திட்டபோது, தன் பாட்டைப் பற்றித் தான் வெளியாருக்குச் சொன்ன முதல் வசனம் ஒரு பொலிஸ் கொப்பியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு மோசமான வசனமாகவும் இல்லை அது.

"இனி இதில் ஒன்றுகூடப் பெயரும் விலாசமும் இல்லாமல் தெருவில் போகக்கூடாது," என்று சார்ஜன் சொல்லி அனுப்பினார்.

வெளியில் வந்து பஸ் தரிப்பு வரைக்கும் ஜாபிர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். பிறகு பேசினார். "நான் உள்ளுக்கு இரிக்கேன். நீங்க பொலிஸுக்குச் சுருதி படிச்சுக் குடுக்கிறீங்க."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா. என்னாலதான் எல்லாம்."

"மன்னிப்பு எனக்கு வேணாம். பேர் போடுங்க. நான் இவ்வளவு நாளாச் செல்லிக் கேக்காத ஆள், அந்தச் சார்ஜன் ஒருக்காச் செல்லக் கேக்கிறீங்க."

அட்டை அச்சடிக்கப் பொறுமை இருக்கவில்லை. சனிக்கிழமை அவள் வெள்ளவத்தைக் கடையில் ஒரு ஸ்ரூலைப் போட்டுக்கொண்டு, ஒட்டுக் கடுதாசியில் ஒவ்வொன்றாகக் கையால் எழுதினாள். சொல் நோபேட். மெட்டும் குரலும் றஞ்சிதம் நோபேட். கீழே கொட்டாஞ்சேனை விலாசம், வீட்டிலக்கத்தோடு. முதல் பத்தையும் எழுதும்போது கை கூசியது. நாற்பதாவதில் எழுத்து அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

பதினொரு மணி போல ஒரு அம்மா வந்தார். பக்கத்து லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருப்பவர் என்பது கையிலிருந்த பிளாஸ்ரிக் பைலைப் பார்க்கவே தெரிந்தது. கனடாவில் இருக்கிற மகளுக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டுமாம்.

"படப் பாட்டெல்லாம் அங்கயும் இருக்காம். வேற ஏதும் புதுசா இருக்கோ தம்பி?"

ஜாபிர் மேலே சுழலும் மின்விசிறியை இன்றைக்குத்தான் கண்டவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், பிறகு அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று விளங்காமல் றஞ்சிதத்தைப் பார்த்தார்.

றஞ்சிதம் பேனையை மூடினாள்.

"இருக்கம்மா," என்றாள். "என்ர பாட்டு. நான்தான் பாடினனான். எட்டுப் பாட்டு."

"நீங்களோ?" அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாயிருக்குமோ?"

மீன்காரியிடம் மீன் புதிதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். அதனால்தானோ என்னவோ, பதிலும் மீன்காரி சொல்வதுபோலவே வந்தது.

"ஓம், நல்லாயிருக்கும். சிரிக்கிற மாதிரிப் பாட்டுகள். ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

ஜாபிர் மின்விசிறியை விட்டுவிட்டுக் கசெற்றைப் போட்டார். வழக்கமாக இந்த இடத்தில் றஞ்சிதத்துக்குக் கடையின் பின்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். இன்று ஸ்ரூலிலேயே இருந்தாள். அந்த அம்மா தேத்தண்ணீர்ப் பாட்டுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு பாட்டைக் கேட்டு முடித்தார். மகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அதுட கருத்து வரமாட்டா," என்றார் ஜாபிர்.

"தெரியும். ஆனா சிரிச்சவா."

அவள் எழுதி முடித்ததில் பன்னிரண்டை எடுத்துத் தன் பைக்குள் அடுக்கினாள். தெருவின் மறுபக்கத்தில், வெளிநாட்டு ரெலிபோன் பேசுகிற கொமினிகேசன் கடையில், தங்கள் முறைக்காக வாங்குகளில் ஆட்கள் சும்மா குந்திக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கூட இல்லாமல் மணிக்கணக்காக இருப்பவர்கள்.

"அந்தக் கடைக்காரர் எப்பிடியான ஆள், நானா? கொண்டுபோனாப் போட்டுக் காட்டுவாரோ?"

"கதிர்காமநாதனா? கொஞ்சம் எரிஞ்சு விழுவார். என்னத்துக்குப் போடோணும் எண்டு கேப்பார்."

"கேக்கட்டும்," என்று றஞ்சிதம் செருப்பை மாட்டிக்கொண்டாள். "சொல்லுறன்."